ஆடி காரும் ஐப்பசி மழையும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலையில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளுங்கள். ‘சார் பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டார்டா’ என்று கடைசி பெஞ்சில் முணுமுணுப்பவர்களும் தைரியமாகப் படிக்கலாம். யாரையும் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சந்தேகம் வந்தது. கேட்டவன் பெயர் வேண்டாம். மண்ணூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது ஐ.டி. கம்பெனியில் நல்ல பதவி. செகண்ட் ஹேண்டில் ஒரு ஆடி டிடி கார் வாங்கியிருக்கிறான். இரண்டே கதவு. வண்டி தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். முன்னால் இருவர் உட்காரலாம், பின்சீட்டில் மளிகைப் பையை உட்கார வைக்கலாம். ஆடியில் புது வண்டி எடுக்கக் கூடாது என்று வளர்ந்த வீட்டுப் பிள்ளை, ஆடியையே எடுத்து வந்துவிட்டான்.

அவன் கேட்டது இரண்டு விஷயம். மழைக்காலம் முடிகிற வரைக்கும் வண்டியை எப்படிப் பத்திரமாக வைப்பது? சும்மா நிற்கிற அந்த மூன்று மாதத்தில் எடையைக் குறைக்க என்னென்னவற்றைக் கழற்றலாம்? பனி பெய்கிற நாடுகளில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் வண்டியை ஷெட்டில் ஏற்றிவிட்டு இந்த இரண்டு வேலையைத்தான் பார்ப்பார்களாம்.

குழு பற்றிக்கொண்டது. “மொட்டை மாடிக்கு ஏத்திடு மச்சி. லிப்ட்ல நுழையலைன்னா பார்ட் பார்ட்டா கழட்டி ஏத்து, வெயிட்டும் குறையும்” என்றான் ஒருவன். “அரிசி மூட்டைக்குள்ள வை, போனுக்கு வேலை செய்யுது” என்றான் இன்னொருவன். “பந்தல்காரர்கிட்ட பெரிய பிளாஸ்டிக் ஷீட் வாங்கி முழுசா சுத்தி டேப் ஒட்டிடு, பொட்டுத் தண்ணி போகாது” என்று மூன்றாமவன். பேங்கில் வேலை பார்க்கும் நம் மாணவி ஒருத்தி எழுதியதுதான் உச்சம்: “அந்த வண்டியிலேயே கனமான பார்ட் இ.எம்.ஐ. முதல்ல அதைக் கழட்டு.”

நானும் சிரித்தேன். ஆனால் இந்த வேடிக்கை யோசனைகளில் ஒன்றிரண்டை நிஜமாகவே செய்கிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். எல்லோரும் கேலி செய்த வேறொரு யோசனைதான் உண்மையில் புத்திசாலித்தனமானது. முப்பத்தைந்து வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா?

பனி நாட்டுக்காரனின் கவலை வேறு. அங்கே ரோட்டில் பனி உருகுவதற்காக உப்பைக் கொட்டுவார்கள், அது அடிப்பாகத்தை அரித்துத் தின்றுவிடும். குளிரில் பேட்டரி இறங்கிவிடும். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் டயர் தரையில் பட்ட இடம் தட்டையாகிவிடும். அதனால் ஷெட், ஜாக்கி, பேட்டரிக்குச் சின்ன சார்ஜர் என்று ஏற்பாடு செய்துவிட்டு, வசந்தம் வருகிறவரை வண்டியைத் தூங்க விடுவான். நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் குளிர்காலம். உப்புக்குப் பதில் சாக்கடைத் தண்ணீர். அங்கேயும் எலி உண்டு, இங்கேயும் எலி உண்டு. நம்முடையது கொஞ்சம் பெரிது. வளைக்குள் தண்ணீர் போனதும் அது குடும்பத்தோடு கிளம்பி, கதகதப்பாக இருக்கிறதே என்று பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து வை, புகையிலையைக் கட்டித் தொங்கவிடு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். நான் பார்த்தவரை நம் எலி இரண்டுக்கும் அசரவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் மருந்து.

கவர் போட்டு மூடுவதிலும் ஒரு சங்கதி. நனைந்த வண்டிமேல் கவரைப் போட்டால் ஈரம் உள்ளேயே நின்று புழுங்கும், சீட்டெல்லாம் பூஞ்சை பிடிக்கும். வெயில் அடிக்கிற நாளில் கவரை எடுத்துக் கதவைத் திறந்து வையுங்கள். ரொம்ப நாள் நிறுத்துவதென்றால் சமதரையில் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் மட்டும் இரண்டையும் போடுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

இப்போது எடைக்கு வருவோம்.

ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில் எடையைக் குறைப்பது ஒரு பக்தி இயக்கம் மாதிரி. லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கிய காலின் சாப்மன் என்ற இங்கிலாந்துக்காரர் அந்த இயக்கத்துக்குப் பெரிய குரு. இன்ஜின் சக்தியைக் கூட்டுவதைவிட வண்டியை இளைக்க வைப்பதே மேல் என்பது அவர் வழி. அவர் காலத்துக்குப் பிறகு 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோதான். உலகமே வாயைப் பிளந்தது. நம் வீட்டு மாருதி 800 அதைவிட ஒல்லி, 650 கிலோ அளவுதான். நாம் அதில் ஒன்பது பேர் ஏறித் திருத்தணிக்குப் போய்வந்தோம். யாரும் வாயைப் பிளக்கவில்லை.

அந்த மாருதி 800 இன்ஜினையே வைத்து 1980-களின் கடைசியில் கோவைக்காரர் கரிவரதன் ஒற்றை ஆள் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். 796 சி.சி. இன்ஜின் பெரிய வீரதீரம் ஒன்றும் காட்டாது. ஆனால் உடம்பு அவ்வளவு லேசாக இருந்ததால் பறந்தது. பின்னாளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரராக ஆன நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். கோவையில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ஓடுதளத்துக்கு அவர் பெயர்தான். எடையைக் குறைக்கிற வித்தையைக் கற்றுக்கொள்ள சீமைக்குப் போக வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் கரிவரதன் ரோட்டில் ஓட்டுகிற காரைப் பிரித்துச் சீட்டையும் ஏர்பேகையும் தூக்கிப் போடவில்லை. பந்தயத்துக்கென்றே தனியாக ஒன்று செய்தார். ஆடிக்காரத் தம்பி இதைக் கவனிக்கணும். நீ கழற்ற வேண்டியதெல்லாம் டிக்கியில் இருக்கிறது. நம் ஆட்களின் டிக்கியைத் திறந்து பாருங்கள்: நாலு கல்யாணத்துத் தாம்பூலப் பை, தேங்காய் காய்ந்து உள்ளே ஆடுகிற சத்தம், பையனின் கிரிக்கெட் கிட், யாரோ திருப்பி வாங்கிக்கொள்ள மறந்த டிபன் கேரியர், ஒரு இருபது லிட்டர் தண்ணீர் கேன். அந்தக் கேன் மட்டும் இருபது கிலோ. சாப்மன் பார்த்திருந்தால் அழுதிருப்பார்.

சரி, உண்மையிலேயே வண்டியை இளைக்க வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்பு, ஆர்க்கிமிடிஸ். ஒரு பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை ஒதுக்கித் தள்ளிவிட்டால் மிதக்கும். அவனுடைய கார் சுமார் 1300 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக, 1300 லிட்டர் தண்ணீரை ஒதுக்கினால் போதும், வண்டி படகு. காரின் அடிப்பரப்பைத் தோராயமாக 6 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், அடித்தட்டுக்கு மேல் 22 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறினாலே 1300 லிட்டர் கணக்கு சரியாகிவிடும். தரைக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு 12 சென்டிமீட்டர். மொத்தம் 34. உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்கேல் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்துங்கள், மேலே இரண்டு விரல் வையுங்கள். அவ்வளவுதான். முழங்கால்கூட நனையாது.

இப்போது 300 கிலோவைக் குறை. அடித்தட்டுக்கு மேல் 17 போதும். மொத்தம் 29. கஷ்டப்பட்டு, காசு செலவழித்து, வண்டியை ஐந்து சென்டிமீட்டர் சீக்கிரமாக மிதக்க வைத்ததுதான் மிச்சம். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போய் வண்டி மறுபடி தரையில் உட்காரும், வாஸ்தவம். ஆனால் வெள்ளம் மளமளவென்று ஏறினால் முதலில் மிதக்கும், அப்புறம்தான் நிரம்பும். முழுக்க மிதப்பதற்கு முன்னாலேயே சக்கரத்தின்மேல் இருக்கும் பாரம் குறைந்து பிடிமானம் போய்விடும். அந்த நேரம் பார்த்து நீரோட்டம் தள்ளினால் கியரும் ஹேண்ட் பிரேக்கும் இருந்தாலே சந்தேகம், இல்லாவிட்டால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து கார்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு மிதந்து போன வீடியோவைப் பார்க்காதவர்கள் நம்மில் யார்? அவற்றில் ஒன்றுகூட ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. எல்லாம் குடும்பக் கார்.

பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி டேப் ஒட்டச் சொன்ன தம்பிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகவே போகாதபடி நீ வெற்றிகரமாகச் சுற்றிவிட்டால், அது நிற்காமல் மிதக்கும். பாடியில் கட்டிய மூட்டையைக் கொரட்டூரில் தேடவேண்டியிருக்கும்.

பந்தயக் கார்களுக்கே அந்த டிசம்பர் பாடம் எடுத்தது. தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்த 2023 டிசம்பர் 9, 10 என்று தேதி குறித்திருந்தார்கள். மிக்ஜாம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. பந்தயம் தள்ளிப்போய், 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் நடந்தது. சென்னையில் டிசம்பர் முதல் பாதியில் திறந்த வெளியில் கல்யாண ரிசப்ஷன் வைக்கவே நம் பெரியவர்கள் யோசிப்பார்கள். தேதி குறித்தவர்கள் வடகிழக்குப் பருவமழையை ஒரு தடவை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

தண்ணீர் வடிந்த பிறகு செய்யும் தப்புதான் வெள்ளத்தைவிட அதிகச் செலவு வைப்பது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ‘ஓடுதான்னு ஒரு தடவை பாக்குறேன்’ என்பதுதான் லட்ச ரூபாய் வாக்கியம். சிலிண்டருக்குள் இருப்பது காற்று என்றால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் அமுங்காது. சாவியைத் திருகியதும் பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டும், கனெக்டிங் ராட் வளையும், இன்ஜின் போச்சு. வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு முழு இன்சூரன்ஸில் பணம் கிடைக்கும். ஆனால் நனைந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், இன்ஜினுக்கென்று தனிக் கவர் எடுத்திராவிட்டால் பொதுவாகக் கையை விரித்துவிடுவார்கள். பாலிசித் தாளை இந்த வாரமே எடுத்துப் படியுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடுங்கள். எலக்ட்ரிக் வண்டி என்றால் கிட்டப் போய் எதையும் கழற்றவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம், கம்பெனிக்கு போன் செய்யுங்கள். லூகாஸ் டிவிஎஸ் ஸ்டார்ட்டர் மோட்டார் செய்கிற பாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்டார்ட்டரைத் தொடாதே என்று நான் சொல்வது வேடிக்கைதான். அங்கே வேலை பார்த்து ரிடையர் ஆன என் மாணவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

இனி, எல்லோரும் கேலி செய்த யோசனை. குழுவில் ஒருவன் ‘பேசாம கொண்டுபோய் பாலத்துமேல விட்டுடு’ என்றதும் அத்தனை பேரும் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்று அறிவித்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் ஓரமாக வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியது ஞாபகம் இருக்கும். அபராதம் போடப் போகிறார்கள் என்று செய்தி ஓடியது, போலீஸ் தரப்பில் அப்படி எதுவும் இல்லை என்று மறுத்தார்கள். 15ஆம் தேதி மழை வெளுத்தது. ரெட் அலர்ட் சொன்ன 16 அன்று பயந்த அளவு வரவில்லை. உடனே மீம்ஸ். ‘பாலத்துக்கே ஹவுஸ்ஃபுல் போர்டு’ என்ற ரகத்தில் எத்தனை வந்தன!

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. 2015-லும் 2023-லும் வண்டியை முங்கக் கொடுத்தவன் மூன்றாம் தடவை மேட்டில் ஏற்றினால் அதற்குப் பெயர் கோழைத்தனம் இல்லை, படிப்பு. மழை வராமல் போனதால் அவன் முட்டாள் ஆகிவிடுவானா? குடை எடுத்துக்கொண்டு போன நாளில் மழை வராவிட்டால் குடையையா திட்டுவோம்? அவன் வாங்கியது மூன்றாவது மாடி வீடு, வண்டி நிற்பதோ தரையில் தூண்களுக்கு நடுவே. அந்தத் தரை நேற்றுவரை ஏரி உள்வாயாகவோ சதுப்பாகவோ இருந்திருக்கும். வேளச்சேரிக்குப் போவானேன்? நம் பக்கத்தில் அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்கு என்று தண்ணீருக்கு ஒரு பாதை உண்டு. அந்தப் பாதையில் நாம் வீட்டையும் பட்டறையையும் கட்டி வைத்திருக்கிறோம். மிக்ஜாமில் அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனை சின்னப் பட்டறைகளின் மெஷின்கள் தண்ணீருக்குள் நின்றன என்று எஸ்டேட்டில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளைக் கேளுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரர் கேட்டார்: “ஏங்க, கார் வச்சிருக்கிறவனுக்கு எதுக்குங்க பாலத்துல இடம்? ஆம்புலன்ஸ் போக வேணாமா?” ஆம்புலன்ஸ் விஷயத்தில் மாப்பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்காகத்தான் அவனவன் இஷ்டத்துக்கு நிறுத்தாமல், எந்தப் பாலத்தில், எந்தப் பக்கம், எத்தனை வண்டி என்று முன்னாலேயே கோடு போட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறேன். ஆனால் அவருடைய முதல் கேள்வியில் இருப்பது, எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம்.

பாலத்தில் யார் வண்டி நிற்கிறது என்று பாருங்கள். முதல் நாள் சாயங்காலமே செய்தி பார்த்து, லீவு போட்டு, காரைக் கொண்டுபோய் நிறுத்த முடிந்தவன் வண்டி நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு ஆட்டோக்காரர் இருக்கிறார். மழை வருகிற ராத்திரிதான் அவருக்குச் சவாரி. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் எல்லோரையும் இறக்கிவிட்டு அவர் திரும்பும்போது மணி இரண்டு. அதற்குள் மேடான இடமெல்லாம் நிரம்பியிருக்கும். மிக்ஜாமில் அவர் ஆட்டோ சீட்டு மட்டத்துக்கு முங்கியது. அவரிடம் இருந்தது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும், வெள்ளத்துக்குச் சல்லிக் காசு வராது. இன்ஜின் வேலைக்கு வட்டிக்கு வாங்கினார், மூன்று வாரம் வண்டி ஓடவில்லை, தவணை மட்டும் ஓடியது. ஆடி டிடி முங்கினால் ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆட்டோ முங்கினால் ஒரு வீட்டில் திங்கள் முதல் சனி வரை போய்விடும். சின்ன லோடு வண்டி வைத்து எஸ்டேட்டில் சரக்கு அடிக்கிறவர்கள், இஸ்திரி வண்டி, டிபன் வண்டி எல்லாம் இதே கணக்குதான்.

நம் பக்கம் மேடு என்று பார்த்தால் முதலில் பாடி மேம்பாலம்தான் கண்ணில் படும். அது மட்டும் போதாது. எஸ்டேட்டைச் சுற்றி ஐ.டி. கட்டடங்களில் பல அடுக்கு பார்க்கிங் இருக்கிறது. ரெட் அலர்ட் அன்று வீட்டிலிருந்து வேலை என்று சொல்லிவிடுவார்கள், மாடி மாடியாகக் காலியாகக் கிடக்கும். அந்த இரண்டு ராத்திரிக்கு ஒரு தளத்தை வெளி ஆட்களுக்குத் திறந்துவிட்டால் கட்டடம் ஒன்றும் தேய்ந்துவிடாது. பாலத்தில் ஒரு பக்கம் ஆட்டோவுக்கும் லோடு வண்டிக்கும் ராத்திரி மூன்று மணிவரை ஒதுக்கி வைக்கட்டும். கார்க்காரர்கள் மாடிக்குப் போகட்டும். மாநகராட்சியும் போக்குவரத்துப் போலீஸும் சேர்ந்து புரட்டாசிக்குள் உட்கார்ந்து பேசினால் ஒரே நாளில் முடிகிற வேலை இது.

அம்பத்தூர் மண்டல அலுவலகத்துக்குக் கொடுப்பதற்காக ஒரு பக்க மனு எழுதி வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் கையெழுத்து. காபி உண்டு. பல அடுக்கு பார்க்கிங் உள்ள கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் உங்கள் அட்மின் ஆளிடம் இப்போதே வாயைத் திறந்து கேட்டுவிட்டு வாருங்கள், ‘சார் சொன்னார்’ என்று சொன்னாலும் பரவாயில்லை. இன்னொன்று: ஆட்டோவும் லோடு வண்டியும் ஓட்டுகிற நம் பழைய மாணவர்கள் பலர் அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை. அவர்கள் நம்பர் வைத்திருப்பவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். மனுவில் முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும்.